பேர் போட்ட பொருள்

பூட்டுப் போட்டிருந்ததால்தான் அந்தப் பெட்டி போனது. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல வருடம் எடுத்தது.

2011 சித்திரை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தேர் புறப்படும் நாள். பணிய லயம், மேட்டு லயம் என்று ஒரு வீடு மிச்சமில்லாமல் சனம் முழுக்கக் கோயிலடியில் நின்றது. நாங்களும் வீட்டைச் சாத்திவிட்டுப் போயிருந்தோம். பின்னேரம் இடியோடு மழை பிடித்தது. தேரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது. கொண்டி திருகாணிகளோடு கழன்று தொங்குகிறது. உள்ளே எதுவும் கலைந்திருக்கவில்லை. அலுமாரி மேலிருந்த குத்துவிளக்கு, மூலையில் இருந்த பித்தளைக் குடம், சுவரில் மாட்டியிருந்த தராசு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கட்டிலுக்கடியில் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை மட்டும் காணவில்லை. அந்த வீட்டிலேயே ஆமைப்பூட்டுப் போட்டிருந்த ஒரே சாமான் அதுதான்.

அதற்குள் நகை இல்லை, காசு இல்லை. 64 தாள்கள் இருந்தன.

மூன்றாம் நாள் காலை கொழுந்தெடுக்கப் போன அக்காமார் தேயிலை மலைக்கு நடுவே பெட்டியைக் கண்டார்கள். பூட்டை உடைத்துத் தாளைப் பார்த்த ஆத்திரத்தில் வந்தவன் எல்லாவற்றையும் உதறிப்போட்டுப் போயிருக்கிறான். இரண்டு இரவு மழையில் நனைந்து கிடந்ததைச் செடிச் செடியாகப் பார்த்து, மடியில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "சேர், இதெல்லாம் பேர் எழுதின கடதாசியா இருக்கு, அதான் ஒண்ணுவிடாமப் பொறுக்கினோம்" என்றார் அவர்களில் மூத்தவர். எண்ணிப் பார்த்தேன்: 41. மற்ற 23 தாள்களும் ஓடையோடு போயிருக்க வேண்டும்.

மலைநாட்டின் லிந்துலைப் பக்கத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பழைய சாமான் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கற்றுக்கொண்ட பாடங்கள் இவை. சேர்ப்பது பாதி வேலைதான், காப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நான் களவு கொடுத்துத்தான் படித்தேன்.

*

இந்தச் சேகரிப்பை நான் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் லயத்துக்கு லயம் யாராவது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் பக்கத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். கப்பலில் கொண்டுபோக முடியாததைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி எங்கள் அம்மாயியிடம் வந்து சேர்ந்தது அந்தப் பித்தளைக் குடம். அதற்குள் துணியில் சுற்றி நாலைந்து சீட்டுகள் இருந்தன. "திரும்பி வந்தா வாங்கிக்கிறோம்" என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றது.

குடத்தை அம்மாயி வைத்துக்கொண்டார், சீட்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அது ஒரு பைத்தியமாகவே ஆனது. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த காலத்தில் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தகரத்துண்டு. கோப்பிக் காலத்துப் பித்தளைத் துண்டுக்காசு. ஒரு தோட்டத்தை விட்டுப் போகும்போது கிழித்துக் கொடுக்கும் பற்றுச்சீட்டு. தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலின் பக்கங்கள், அரிசிக் கொத்து, கவ்வாத்துக் கத்தி, அரிக்கன் லாம்பு, காமன் கூத்தில் ரதி கட்டிய மரக் கிரீடம், தோல் கிழிந்த தப்பு ஒன்று. இன்றைக்கு என் சீ.ஆர். கொப்பியில் 340க்கு மேல் இலக்கம் ஓடுகிறது.

சந்தையில் இவற்றுக்கு என்ன விலை? துண்டுக்காசுகளுக்கு உண்டு, நாணயம் சேர்ப்பவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இலேயே இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிவிட்டார். அந்தத் துறைக்கு வாசகரும் வாங்குவோரும் நூறு வருடமாக இருக்கிறார்கள். பித்தளைக்குக் கிலோ விலை உண்டு. பற்றுச்சீட்டுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆனால் குடியுரிமை இல்லாமல் இருந்த ஒரு சமூகத்தில், எங்கே எப்போது யார் இருந்தார் என்பதற்கு அந்தச் சீட்டைவிட்டால் வேறு சாட்சி அரிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது தாள் சாட்சிகளைத்தான். அவை இல்லாததால்தான் எங்கள் சனத்தில் பெரும்பகுதி நாடற்றதாக நின்றது.

இதனால் எந்தச் சேகரிப்பாளரும் முதலில் இரண்டு பட்டியல் போட வேண்டும். ஒன்று, எனக்கு எது பெறுமதி? இரண்டு, கள்ளன் கண்ணுக்கு எது பெறுமதி? இரண்டும் ஒன்றாக இருக்காது. நான் முதலாவது பட்டியலின் தலைப்பொருளை எடுத்து, இரண்டாவது பட்டியலின் தலைப்பொருளைப் போல வேடம் போட்டு வைத்தேன். டிரங்குப் பெட்டி, கட்டிலுக்கடி, பெரிய ஆமைப்பூட்டு என்றிருந்தால் லயத்துச் சின்னப்பிள்ளை கூட அதற்குள் கல்யாண நகை இருக்கும் என்று சொல்லும். கறுத்துப்போன குத்துவிளக்கை வந்தவன் திரும்பியும் பார்க்கவில்லை. புளி போட்டுத் துலக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும். என் வீட்டம்மா திருவிழாவுக்கு முன்பு அதைத் துலக்கித் தருகிறேன் என்றபோது நான் தடுத்ததற்குக் காரணம் வேறு. பழைய பித்தளையைத் துலக்கினால் எழுத்தும் இலக்கமும் தேயும். கறுப்பே விளக்குக்குக் காவலாகும் என்று அப்போது தெரியாது.

இப்போது தாள்கள் பள்ளிக்கூடக் கோப்புகளில், பழைய வினாத்தாள்களுக்கும் பாடக்குறிப்புகளுக்கும் நடுவே இருக்கின்றன. வாத்தியார் வீட்டில் கோப்பு இருப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒளித்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு: வீட்டு ஆட்களே தெரியாமல் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒளித்த இடம் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மகள்.

*

நான் பிறந்த லயத்தில் கதவுக்குச் சரியான பூட்டே இல்லை. ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, அடுத்தது பக்கத்து வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஏறினால் அடுத்த காம்பராவுக்குள் இறங்கிவிடலாம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன, கொத்தமல்லி போடட்டா?" என்று கேட்கும். அந்த லயத்தில் பெரிய களவு நடந்ததாக எனக்கு நினைவில்லை. பூட்டுக்குப் பதிலாக அங்கே காது இருந்தது. இதைச் சொல்லி லயத்து வாழ்க்கையை உயர்த்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டடிக்குள் ஒரு குடும்பம் மூச்சு முட்டக் கிடந்ததன் மறுபக்கம் அது. ஆனால் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்தபோது காற்றும் வெளிச்சமும் கிடைத்தன, காதை விட்டுவிட்டு வந்தோம் என்பது உண்மை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டிப் போகிற இன்றைய பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: பக்கத்து வீட்டை மறுபடி காதாக்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். திரும்பி வரும் நேரத்தை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது.

மலைநாட்டில் களவுக்கென்று சில நேரங்கள் உண்டு. சனம் மலைக்குப் போன காலை எட்டு மணியிலிருந்து கொழுந்து நிறுக்கும் நேரம் வரை; தேர், காமன் கூத்து, துக்க வீடு; சிவனொளிபாத மலைக்கு வீடு முழுக்கக் கிளம்பிப் போகும் மார்கழிக்குப் பிந்திய மாதங்கள். எல்லாவற்றையும்விடத் தென்மேற்குப் பருவமழை. வைகாசி, ஆனியில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதே கேட்காது. அலவாங்கு போட்டுக் கதவை நெம்பினாலும் மழைச் சத்தத்தில் கரைந்துவிடும். நாயும் மழைக்குச் சுருண்டு படுத்துவிடும். கதவுக்குப் பின்னால் வெறும் பால்மா டின்களை அடுக்கி வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய உபாயம். காய்ந்த இரவில் அருமையாக வேலை செய்யும், மழை இரவில் அதை நம்ப முடியாது. மழைக்காலத்தில் சத்தத்தைவிட வெளிச்சமே உதவும். ஆள் அசைந்தால் தானே எரியும் ஒரு லாம்பைப் பின்பக்கம் பூட்டினேன். அதன் விலை அந்த ஆமைப்பூட்டின் விலையைவிட அதிகம் இல்லை.

கதவு விடயத்தில் எனக்கு ஆசான் ஒரு தச்சர். களவுக்கு மறுநாள் வந்து கொண்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சேர், பூட்டு ஒடையவே இல்லியே. பூட்டு நல்ல பூட்டு. அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நாலு ஆணிதான் கழண்டிருக்கு" என்றார். கொண்டியின் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தன. ஒரு திருகாணிச் செலுத்தி போதும், இரண்டு நிமிட வேலை. அவர் திருகாணியை எடுத்துவிட்டுக் கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டுப் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கினார். பிணைச்சல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டிவிட்டுக் கதவையே கழற்றலாம் என்று காட்டி, அதையும் உள்ளே மாற்றினார். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்பை நீளமாக்கினார். கடைசியாக மேலே பார்த்தார். தகரக் கூரையில் நாலு ஆணி பிடுங்கினால் ஆள் இறங்கலாம். அதற்காகத்தான் சாமான் அறைக்கு மட்டும் பலகைச் சீலிங் அடித்தோம். உடைக்க முடியாத கதவு என்று ஒன்று இல்லை. வந்தவன் பத்து நிமிடம் அங்கே நிற்க வேண்டிவந்தால் போதும். அதற்குள் ஒரு காது விழிக்கும், அல்லது அவனுக்கே மனம் மாறும்.

*

காப்பதில் கள்ளன் மட்டும் பகை என்றால் வேலை எளிது. லிந்துலையில் அவனுக்கு முன்னால் ஈரமும் தீயும் வரிசையில் நிற்கின்றன. இந்த மூன்றும் மூன்று விதமான பெட்டியைக் கேட்கும்.

கள்ளனுக்காகக் காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் தாளை அடைத்தால் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பூக்கும். நான் அடைத்துப் பார்த்தேன், பூத்தது. ஈரத்துக்காகத் திறந்த அலுமாரியில் வைத்தால் கள்ளனுக்கும் கறையானுக்கும் வழி. கள்ளன் தூக்க முடியாதபடி பெட்டியைச் சீமெந்துத் தரையில் பூட்டினால், தீப்பிடித்த இரவில் என்னாலும் தூக்க முடியாது. லயம் வரிசையாக எரிவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இது விளங்கும். ஒரு காம்பராவில் பிடித்தால் கூரை வழியாகக் கடைசிக் காம்பரா வரை ஓடும். அந்த நேரத்தில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் தூக்கக் கூடியதும் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே சேகரிப்பைப் பிரித்தேன். துண்டுக்காசும் தகரத்துண்டும் சின்னவை, விலையுள்ளவை, ஈரத்தைத் தாங்குபவை. அவை வங்கி லொக்கரில். பித்தளைச் சாமான், கத்தி, தராசு கனமானவை. அவை சாமான் அறையில், தெரியும்படியே. தாள்கள் மூன்று கோப்புகளில், ஒரு கையால் தூக்கும் கனத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சட்டியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, வெயில் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக் காப்பது எளிது என்று தோன்றும். ஓரிடத்தில் வைத்தால் ஒரே இரவில் எல்லாம் போகும்.

*

இவ்வளவும் செய்த பிறகும் களவு போகலாம். என் வீட்டுக் களவுக்கு அடுத்த வருடமே, 2012 மார்ச்சில், கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலேயே கள்ளர் புகுந்து பழைய நாணயங்கள் உள்ளிட்ட பொருட்களை அள்ளிப்போனார்கள். 1877இல் தொடங்கிய, காவலாள் உள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பின்கதவு போல்ட்டை நம்பி நான் எப்படித் தூங்குவது?

என் வீட்டில் களவு நடந்த மறுநாள் பொலிசில் முறைப்பாடு எழுதப் போனபோது அதிகாரி பொறுமையாக மூன்று கேள்வி கேட்டார். என்ன சாமான்? பார்த்தால் எப்படி இருக்கும்? பெறுமதி எவ்வளவு? "பழைய தாள்கள்" என்றேன். எத்தனை என்று கேட்டார். அறுபதுக்கு மேல் இருக்கும் என்றேன். அறுபத்து நாலு என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் சொல்ல முடிந்தது. அவர் 'பழைய கடதாசிகள்' என்று எழுதினார். அவர்மேல் பிழையில்லை. நான் சொன்னதை எழுதினார்.

என் பிழை அங்கே நிர்வாணமாக நின்றது. 55 தாள்களுக்குக் கொப்பியில் பதிவு இருந்தது: யார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் கொடுத்தது. கடைசியாக வந்த ஒன்பதுக்கு இல்லை. பாடசாலை விடுமுறையில் ஆறுதலாக எழுதலாம் என்று பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். தேயிலைச் செடியில் பொறுக்கிய 41 தாள்களில் அந்த ஒன்பதில் ஒன்றும் இல்லை. ஓடையோடு போன 23இல் 14 பேரின் பெயரை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மற்ற ஒன்பது பேர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை கப்பலேறிப் போனவர்களை நான் இரண்டாம் முறையும் தொலைத்துவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது புரியாமல் போனதுதான் வெட்கம். செக்ரோலில் பேர் விழாத நாள், மலையில் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் வேலை செய்யாத நாள்தான். கணக்கப்பிள்ளை முழுப்பேர் போட்டால் முழுச் சம்பளம், அரைப்பேர் போட்டால் பாதி, பேர் வெட்டினால் ஒன்றுமில்லை. இதற்காக, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எங்கள் அப்பா தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாமானுக்கும் அதே கதைதான். பேர் போடாத சாமான் களவு போனால், களவு போனது என்றுகூடச் சொல்ல முடியாது.

பேர் போடுவதற்கு உலகத்துக்குப் பொதுவான ஒரு முறையே இருக்கிறது என்பதை அதன் பிறகு அறிந்தேன். 'ஒப்ஜெக்ட் ஐடி' என்று பெயர். 1997இல் வந்தது, இப்போது ஐகொம் எனப்படும் சர்வதேச அருங்காட்சியகங்கள் பேரவை அதைப் பேணுகிறது. படம் எடு, என்ன வகைப் பொருள், எதனால் செய்தது, அளவு என்ன, எழுத்தோ முத்திரையோ உண்டா, எக்காலத்தது, யார் செய்தது என்று எழுது என்கிறது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கேள்வி: இதைப் போன்ற இன்னொன்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் என்ன? பழைய கடவுச்சீட்டில் 'இடது கன்னத்தில் மச்சம்' என்று எழுதுவார்களே, அதே கேள்வி. ஒரே தோட்டத்தின் இரண்டு தகரத்துண்டு அச்சில் ஒன்றுபோல இருக்கும். கயிறு கோத்த ஓட்டை ஒன்றில் தேய்ந்து நீண்டிருக்கும், மற்றதில் வட்டமாகவே இருக்கும். எத்தனை வருடம் அது ஒருவர் நெஞ்சில் உரசியது என்பதை அந்தத் தேய்வு காட்டும். பேர் போட உட்கார்ந்த பிறகுதான் சாமானை நான் உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன். இருபது வருடம் வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியின் பிடியில் யாரோ ஊசியால் கீறிய ஒரு பெயரின் முதலெழுத்து இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

செய்யும் முறை எளியது. சாமானுக்கு ஓர் இலக்கம். தாளென்றால் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலில்; பேனா கூடவே கூடாது. உலோகமென்றால் கீறாமல், நூலில் கட்டிய அட்டையில். முன்னும் பின்னுமாகப் படம், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். 'அடையாளம்' என்ற கட்டத்தை வெறுமையாக விடாதே என்பது எனக்கு நானே போட்ட சட்டம். கொப்பியின் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று வீட்டுக்கு வெளியே. சாமானோடு சேர்ந்து பதிவும் எரிந்துபோனால் பதிந்ததில் பயனில்லை.

*

பதிவின் பலத்தை எனக்குக் காட்டியது தமிழ்நாட்டு வழக்கொன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தனில் பூசை நின்று, பூட்டிக் கிடந்த சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து 2006இல் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளைக் கள்ளர் கொண்டுபோனார்கள். ஊருக்கு அது தெரியவந்தது 2008இல். அந்த வருடமே அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதே நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. விற்றவர் நியூயோர்க் வியாபாரி சுபாஷ் கபூர். கபூர் கையில் பழைய உரிமைப் பத்திரங்கள் என்று தாள்கள் இருந்தன, எல்லாம் பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பு எப்போதோ கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த படங்கள் உண்மையைச் சொல்லின. படத்தில் இருந்த அதே தேய்வு, அதே குறை. 2014இல் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் சிலைக் களவு வழக்கொன்றில் கபூருக்குப் பத்து வருடச் சிறை விதித்தது.

இதில் எனக்கு இரண்டு பாடம். கோயில் கதவில் பூட்டு இருந்தது. அது சாமியைக் காக்கவில்லை, ஒரு நிழற்படம் காத்தது. மற்றது, சாமி போனது ஊருக்கு இரண்டு வருடம் தெரியாமல் இருந்தது. பூட்டித் திறக்காமலே வைத்திருக்கும் அறை கள்ளனுக்கு வசதி. எப்போது போனது என்றே தெரியாவிட்டால் தேடுவது எங்கிருந்து? அதனால் மாதம் ஒருமுறை எண்ணுகிறேன்.

சட்டம் காக்கும் என்றும் நான் நம்பியிருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருள் என்று கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வரத் தொடங்கியதாக நாங்கள் நினைவுகூரும் வருடம் 1823. எட்டு வருடம் பிந்தி வந்துவிட்டோம். எங்கள் பாட்டன் பூட்டனின் ஒரு சாமான்கூட அந்தக் கணக்கில் தொல்பொருளாக வராது. களவு போனால் ஒரு பித்தளைக் குடம் களவு போனதாகத்தான் பதிவாகும். அரசாங்கம் பேர் போடாததற்கு நாங்களே பேர் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பழைய லயத்திலேயே திறந்தவர்களும், 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்தில் எங்கள் நூல்களையும் தாள்களையும் படமாக்கி ஏற்றிவருகிறவர்களும் செய்வது அந்த வேலைதான். என் தாள்களைப் படமெடுத்துப் பிரதியை வெளியே கொடுத்த நாளில்தான் முதன்முறையாக மழை இரவில் நிம்மதியாகத் தூங்கினேன். படமெடுத்துப் பலரிடம் இருக்கிற எழுத்தைக் களவாட முடியாது.

*

2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது இரும்பும் செம்பும் பித்தளையும் கூடவே ஏறின. வயர், குழாய், கோயில் மணி என்று உலோகமெல்லாம் களவு போகத் தொடங்கியது. பசியில் எடுத்தவனும் இருந்தான். அதை நான் மறக்கவில்லை. அப்போது என் சாமான் அறையின் கறுத்த பித்தளைக்கும் ஆபத்து வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய இரும்பு வாங்க வரும் மூன்று பேருக்கும் படங்களை அச்சடித்துக் கொடுத்தேன். "அண்ண, இது யார் கொண்டுவந்தாலும் எனக்கு ஒரு கோல் எடுங்க; அவன் கேட்கிற காசை நான் தர்றேன்" என்றேன். கிலோ விலைக்கு உருக்கிவிட்டால் பிறகு எந்தப் பதிவாலும் மீட்க முடியாது. களவுப் பொருளுக்கு விலை கொடுப்பது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். சரியில்லைதான். உலையில் போவதைவிடப் பரவாயில்லை என்று பதில் சொன்னேன்.

அடுத்த வருடம், 2023இல், எங்கள் ஆட்கள் வந்த இருநூறாவது வருட நினைவான மலையகம் 200. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனம் நடந்தது. எங்கள் சாமானைப் பார்க்கத் திடீரென்று ஆள் வரத் தொடங்கினார்கள். மாணவர், பத்திரிகையாளர், வெளிநாட்டுக்காரர், விலை கேட்பவர்கள். இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லையே என்று ஏங்கியவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரம் யாரோ ஒருவர் எடுத்த படத்தில் பின்கதவும் ஜன்னலும் சேர்ந்து விழுந்திருந்ததைப் பேஸ்புக்கில் கண்டபோது வயிற்றைக் கலக்கியது. பூட்டி வைத்தால் இது யாருக்கும் பயனில்லாத சாமான். திறந்து வைத்தால் எவனுக்கும் வழி. இப்போதைய என் ஏற்பாடு இதுதான்: தாளென்றால் பிரதியைக் காட்டுகிறேன், சாமானென்றால் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுகிறேன். தகரத்துண்டைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கலாம். அது எந்த வங்கியில் உறங்குகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பெரட்டு. பேரன் கொப்பியைப் பிடித்துக்கொண்டு இலக்கத்தைக் கூப்பிடுவான், நான் சாமானைத் தொட்டு "இருக்கு" என்பேன். லொக்கரில் உள்ளதற்கு வருடம் இரண்டு முறை போய்வந்து அடையாளமிடுகிறேன். மழையில் மை கரைந்து, காப்பியிங் பென்சில் எழுத்து ஊதாவாகப் பரவிப் பாதி மட்டும் வாசிக்க முடிகிற 17 தாள்கள் உண்டு. அவற்றுக்கு அவனாகவே 'அரைப்பேர்' என்று வைத்துவிட்டான். போன மாதம் 147ஆம் இலக்கத்தில் நின்றான். ஓடையோடு போனவற்றில், பேர் தெரிந்த 14இல் அது ஒன்று. 1968இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு.

"இது எப்பவுமே வர்றதில்லையே தாத்தா. வெட்டிரட்டா?"

"வேணாம்" என்றேன். "பேரை வெட்டாத. அடுத்ததக் கூப்பிடு."